ஏழு லட்சத்துக்கு ஒரு திருத்தம்

1

இக்கதையை எழுதுமாறு என்னை எவரும் வற்புறுத்தவில்லை. பீமராவ் மட்டும் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்தின் காலாண்டு மலருக்கு அவரே ஆசிரியர். முப்பத்தோராண்டுகள் கணிதம் கற்பித்தவர் ஆதலால், கதையையும் அளந்துதான் கேட்பார்: நான்கு பக்கம், ஒரு நீதி, யார் மனமும் புண்படக்கூடாது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உறைக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க, தமிழ்மணி," என்றார்.

தமிழ்மணி என்பவன் நான். அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் முப்பத்து நான்காண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்று, திருவரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்புறம், இரண்டாம் மாடியில், மனைவி பிரேமலதாவுடன் வசிக்கிறேன். நான் 'திருவரங்கம்' என்று எழுதுவதை மலரில் 'ஸ்ரீரங்கம்' என்று மாற்றிவிடுவார்கள். மாற்றட்டும்.

உறைக்கும் பொருள் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. என் பழைய மாணவர் கிளமென்ட்டின் மகள் ஆன்சி, சென்னைக்கு அப்பால் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்னும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேரவிருக்கிறாள். வரலாறு, பொருளியல், இலக்கியம், புள்ளியியல் எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாறுவார்களாம். மொத்தச் செலவு பன்னிரண்டு லட்சம். கிளமென்ட் சேர்த்து வைத்திருப்பது ஐந்து. மீதி ஏழு லட்சத்துக்கு வங்கிக் கடன். அக்கடனுக்குப் பிணையாளராக என் கையெழுத்து வேண்டும். அதுவும் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நான் எழுத அமர்ந்தது திங்கட்கிழமை காலை. கதையை எழுதி முடித்தால், கையெழுத்திட வேண்டுமா வேண்டாமா என்பது எனக்கே தெளிவாகிவிடும் என்று நம்பினேன். [இந்த நம்பிக்கையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அது புதன்கிழமையைத் தாண்டவில்லை.]

2

முதல் தொடக்கம்: "ஓர் ஊரில் ஓர் ஏழைத் தொழிலாளி—"

கைவிடப்பட்டது. கிளமென்ட் ஏழை அல்லர். அரியமங்கலத்தில் இரண்டு லேத் இயந்திரங்கள் வைத்துப் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறார். தம்மை ஏழை என்று எவரேனும் அச்சிட்டால், வருமான வரி கட்டிய சீட்டை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிடுவார்.

இரண்டாம் தொடக்கம்: "பேராசை என்னும் பெருநெருப்பு நடுத்தரக் குடும்பங்களை நாள்தோறும்—"

இது கதை அன்று, சுவரொட்டி.

மூன்றாம் தொடக்கம்: "பிரான்சி என்னும் பெண், தந்தையின் வசதிக்கு மீறிய படிப்பொன்றை விரும்பினாள்."

இதில் பிழையில்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்திருந்தன. ஆறு பக்கம் ஒரே மூச்சில் எழுதினேன். பிரான்சி கடன் வாங்கினாள், படித்தாள், வேலையின்றித் திரும்பினாள், சத்திரம் பேருந்து நிலையத்துக்கருகே ஒரு துணிக்கடையில் புடைவை மடித்துக் கண்ணீர் வடித்தாள். பிரேமலதாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்தவள். எதையும் முகவரியிலிருந்து படிக்கத் தொடங்குவாள்.

"யாருங்க இந்த பிரான்சி?"

"கற்பனை."

"அரியமங்கலத்துல ரெண்டு லேத்து வெச்சிருக்கிற அப்பா. பத்தாவதுல தமிழ்ல முப்பத்தாறு மார்க்கு. நல்ல கற்பனைதான்."

"பேரை மாத்தியிருக்கேனே."

"ஆன்சிய பிரான்சின்னு எழுதினா பேர மாத்துறதா? கதவுல மஞ்சள் பெயின்ட் அடிச்சிட்டு வீடு மாறிட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு." தாளை மடித்தாள். "துணிக்கடையில நிக்கிற புள்ளைங்க எல்லாம் அழுதுகிட்டா இருக்கு? போன தீபாவளிக்கு உங்களுக்கு வேட்டி எடுத்துக் குடுத்துதே ஒரு பொண்ணு, என்னமா சிரிச்சுது!"

திறனாய்வு என்பது எல்லாருக்கும் வரும் கலை அன்று என்று சொல்லிவிட்டு, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

3

ஆயினும் கதைக்குக் கணக்கு வேண்டும். கடனைப் பற்றி எழுதுகிறவன் தொகையைச் சொல்லாமல் கண்ணீரை மட்டும் சொல்வது ஏமாற்று வேலை. பீமராவை அழைத்தேன்.

"படிக்கிற மூணு வருஷம், அப்புறம் ஒரு வருஷம், தவணை கிடையாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும்," என்றார். அவருடைய குரலில் பத்தாண்டுகளாகக் காணாத உற்சாகம். "பத்தரை வட்டின்னு வெச்சுக்குங்க. கட்ட ஆரம்பிக்கிறப்ப ஏழு லட்சம் ஒம்பது லட்சத்து இருவதாயிரமா நிக்கும். பத்து வருஷத் தவணைன்னா மாசம் பன்னெண்டாயிரத்து நானூறு."

"அவள் சம்பளம்?"

"அத நீங்கதானே சொல்லணும்? கதை உங்களோடது."

பல்கலைக்கழகத்தின் வண்ணக் கையேட்டில் 'சராசரி ஆண்டு ஊதியம் ஆறு லட்சம்' என்று இருந்தது. அதைச் சொன்னேன்.

"சராசரியா? என் வகுப்புல ஒருத்தன் நூறு வாங்கினான், நாலு பேரு முட்டை. சராசரி இருவது. இருவது வாங்கினவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தேடிக்கிட்டிருக்கேன். மாசம் இருவதாயிரம்னு வெச்சுக்குங்க. தவணை போக ஏழாயிரத்து அறுநூறு. அதுல வாடகை, சாப்பாடு, பஸ்ஸு. அழ வெச்சுடலாம், கவலப்படாதீங்க."

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். இதே வரலாற்றை இங்கே, திருச்சியில், அரசு உதவி பெறும் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிக்கலாம். கடனில்லை, விடுதியில்லை, நகரப் பேருந்து போதும். அப்படிப் படித்தவர்களுக்குத் தனியார் பள்ளிகள் மாதம் பத்தாயிரம் தருகின்றன. கடனின்றிப் பத்தாயிரம் ஒரு பக்கம். கடனோடு இருபதாயிரமோ ஐம்பதாயிரமோ பூச்சியமோ மறுபக்கம்.*

* இக்கணக்கில் ஒரு குறை உண்டு. நான் படித்ததும் தமிழ் இலக்கியந்தான். 'இதப் படிச்சு என்ன பண்ணப்போற?' என்று என்னையும் கேட்டார்கள். அந்தப் படிப்பு இப்போது மாதம் முப்பத்தெட்டாயிரம் ஓய்வூதியமாக வருகிறது. அதைப் பார்த்துத்தான் வங்கி என்னைப் பிணையாளராக ஏற்கிறது. கலைப்படிப்பு சோறு போடாது என்று ஆறு பக்கம் எழுதியவனுடைய கலைப்படிப்பை நம்பி, இன்னொரு கலைப்படிப்புக்கு ஏழு லட்சம் கொடுக்க ஒரு வங்கி ஆயத்தமாக இருக்கிறது. இதை அடிக்குறிப்பில் இட்டதன் காரணம், பீமராவ் அடிக்குறிப்புகளைப் படிப்பதில்லை.

4

செவ்வாய்க்கிழமை கிளமென்ட் வந்தார். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய பலாச்சுளைப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தார். வகுப்பில் 'அவன்', இன்று நாற்பத்தாறு வயதில் 'அவர்'. எழுதும்போது இதைப் பின்பற்றுகிறேன், பேசும்போது இயலவில்லை.

"வாப்பா கிளமென்ட். ஒண்ணு கேக்கிறேன். இந்தப் படிப்பு கடனைக் கட்டுமா?"

"தெரியல சார்." நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தார். "என் அக்கா மகன் பிரவீன்ராஜ் இன்ஜினியரிங் படிச்சான். துவாக்குடி பக்கம் ரூம் எடுத்துத் தங்கி, நாலு லட்சம் கடன். இப்போ மெட்ராஸ்ல பைக்ல சோறு டெலிவரி பண்ணிக்கிட்டே தவணை கட்டுறான். அது கட்டும்னு ஊரே சொல்லுச்சு சார். இது கட்டாதுன்னு ஊரே சொல்லுது. எதை நம்புறது?"

"அப்ப எந்த நம்பிக்கையில ஏழு லட்சம் வாங்குற?"

"அவ கேட்டா சார். இதுவரைக்கும் அவ எதுவுமே கேட்டதில்ல. போனு கூட என் பழைய போனுதான்." சற்று நேரம் விரல்களை நீவிக்கொண்டிருந்தார். "ஸ்காலர்ஷிப் கெடைச்சிருந்தா இந்தத் தொந்தரவே உங்களுக்கு வந்திருக்காது. ஏழு லட்சமும் அவங்களே தள்ளுபடி பண்ணியிருப்பாங்க. கட்டுரைய நீங்க வேற திருத்திக் குடுத்தீங்க. அதுக்கு மேல என்ன செய்ய முடியும்? அவ அதிர்ஷ்டம் அவ்வளவுதான்."

இதை வாசகருக்கு விளக்கவேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் உதவித்தொகைக்காக ஒரு கட்டுரை கேட்கிறது, 'நான் வளர்ந்த இடம்' என்பது தலைப்பு, தாய்மொழியிலும் எழுதலாம். பிப்ரவரியில் ஆன்சி எழுதிக் கொண்டுவந்தாள். பிழை திருத்திக் கொடுத்தேன். உதவித்தொகை கிடைக்கவில்லை என்று ஏப்ரலில் செய்தி வந்தபோது, அந்தத் தேர்வுக் குழுவுக்குத் தமிழ் தெரியாது என்று நான் இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் ஒரு நாளிதழுக்குக் கடிதமும் எழுதினேன். வெளியிடவில்லை.

கிளமென்ட் எழுந்தார். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம் சார். நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன்." வாயில்வரை போய்த் திரும்பினார். "ஆனா வேற யாரும் இல்ல சார்."

5

புதன்கிழமை முற்பகல் ஆன்சி வந்தாள். வங்கிக்கு என் ஆதார் நகல் தேவைப்பட்டது. நான் நகலெடுக்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பிரேமலதா என் ஆறு பக்கங்களையும் அவளிடம் கொடுத்துவிட்டாள். ["நீங்கதானே வாசகர் கருத்து வேணும்னு சொன்னீங்க?" என்றாள் பிற்பாடு.] நான் உள்ளே நுழையும்போது ஆன்சி கடைசிப் பக்கத்தில் இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இந்த பிரான்சி ஏன் சார் எப்பப் பாத்தாலும் அழுதுகிட்டே இருக்கா?"

"கடன் இருக்கே அம்மா."

"கடன் வாங்கினவங்க எல்லாம் அழுதா திருச்சியில பாதிப் பேரு அழணும் சார். எங்க தெருவுல டூ வீலருக்கு வாங்கிட்டு ஜாலியா சுத்துறாங்க." தாள்களை அடுக்கி வைத்தாள். "அவ என்ன படிக்க ஆசைப்பட்டான்னு நீங்க எழுதவே இல்லயே?"

உண்மைதான். நான் கேட்டதே இல்லை. கேட்டேன்.

"எங்க பட்டறையில பதினாலு வருஷமா, மெஷினுக்குள்ள மாட்டுற ஒரே புஷ்ஷு வளையந்தான் கடையிறாங்க சார். இரும்பு விலை ஏறிடுச்சு, கரண்டு ஏறிடுச்சு. பீஸுக்குக் குடுக்கிற ரேட்டு மட்டும் அதே ரேட்டு. அரியமங்கலம் முழுக்க அப்படித்தான். ஏன்னு அப்பாவுக்குத் தெரியாது. கேட்டா, அது அப்படித்தாம்மா, அப்பிடிம்பாரு. யாராவது ஒக்காந்து படிச்சாத்தானே தெரியும்? அதுக்கு வரலாறும் வேணும், எகனாமிக்ஸும் வேணும், கணக்கும் வேணும். அங்கதான் மூணையும் ஒண்ணா சொல்லித் தராங்க." பிறகு, என்னை முந்திக்கொண்டு, "அதுக்குச் சம்பளம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியல சார். நானும் தேடிப் பாத்துட்டேன்," என்றாள்.

பிரான்சி இவ்வளவு நீளமாக ஒருபோதும் பேசியதில்லை. அவளுக்கு நான் கொடுத்திருந்த உரையாடல் மொத்தமே 'ஐயோ' என்பதுதான்.

நிலைமையைச் சீர்செய்யும் நோக்கில், அந்தத் தேர்வுக் குழுவைக் கடிந்துகொண்டேன். பிழையற்ற ஒரு கட்டுரையை நிராகரித்தவர்கள் என்ன கற்பிக்கப்போகிறார்கள் என்றேன். ஆன்சி பிரேமலதாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிறகு தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

'தங்கள் கட்டுரை மொழியால் சிறந்துள்ளது. எனினும், இது விண்ணப்பதாரரின் சொந்த எழுத்தாகத் தோன்றவில்லை. ஆதலால் உதவித்தொகைக்குப் பரிசீலிக்க இயலவில்லை.'

மூன்று தொடர்கள். மூன்றிலும் ஒரு பிழையில்லை. என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். வெட்கத்துடன் இதை எழுதுகிறேன்.

அவள் பிப்ரவரியில் எழுதிக் கொண்டுவந்த முதல் தொடர், நான் கோடிட்ட தாளிலிருந்தே: "எங்க அப்பா லேத்து ஓட்டுறப்ப பின்னாடி வீட்ல நாங்க யாரும் சத்தமா பேச மாட்டோம், ஏன்னா சத்தத்த வெச்சுதான் டூல் உடையப் போகுதுன்னு அவருக்குத் தெரியும்."

அதனை நான் ஆக்கியது: "என் தந்தையாரின் தொழிற்கூடத்து இன்னோசையே எம் இல்லத்தின் தாலாட்டாகும்."

லேத் இயந்திரத்துக்கருகில் நான் ஒரு முறைகூட நின்றதில்லை. அது இன்னோசை எழுப்புமென்று எனக்கு எவர் சொன்னார்கள்?

"நீங்க திருப்பிக் குடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுது சார்," என்றாள் ஆன்சி. "படிச்சா வேற யாரோ மாதிரி இருந்துது. சொல்ல பயம்."

"அப்பாகிட்ட?"

"சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க சார். சொன்னா உங்க கையெழுத்தே வேணாம்னுடுவாரு. அவருக்கு அப்பிடி ஒரு கோவம் இருக்கு. அப்புறம் எனக்கு யாரு சார் போடுவா?" எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள். "கதையில என்ன வேணா எழுதிக்குங்க. ஃபார்ம்ல மட்டும் கையெழுத்து போட்டுடுங்க."

அவள் படியிறங்கியதும் பிரேமலதா கதவைத் தாழிட்டாள். பிறகு, "பலாச்சுளை எறும்பு மொய்க்குது, எடுத்து வைங்க," என்றாள்.

6

கையெழுத்திடுவது என்பது அந்தக் கணத்திலேயே முடிவாகிவிட்டது. எஞ்சிய சிக்கல் கதைக்குத்தான். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், பிரான்சி பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மகிழுந்தில் வந்து இறங்கி ஆசிரியரின் காலில் விழுகிறாள். இதைப் பீமராவுக்குப் படித்துக் காட்டினேன். "கார் கடன்ல வாங்கினதா?" என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

இரண்டாம் முடிவில், அவள் உள்ளூர்க் கல்லூரியிலேயே கடனின்றி வரலாறு படித்து மனநிறைவோடு வாழ்கிறாள். நல்ல முடிவு. அதில் அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேசவிட்டால் முடிவு கெட்டுவிடும்.

மூன்றாம் முடிவு இவ்வாறு தொடங்கிற்று: "பெருந்தன்மை மிக்க ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் சிறு ஓய்வூதியத்தையும் பொருட்படுத்தாது, அப்பெண்ணின் கல்விக்குத் துணை நிற்க முன்வந்தார். அவர்தம் கைம்மாறு கருதாத—"

தாளைக் கசக்கினேன். இவ்வளவு துல்லியமான இலக்கணத்தில் இவ்வளவு பெரிய பொய்யை என் மாணவர் எவரும் எழுதியதில்லை. ஆனால் மறுநாள் நான் வங்கியில் வாய் திறவாமல் கையெழுத்திட்டால், கிளமென்ட்டின் மனத்தில் பதியப்போகும் கதை இதுதான். ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்குக் கேக் வரும். அதை நான் தின்னவும் வேண்டும்.

[பீமராவ் கேட்ட நீதியை இவ்விடத்தில் வைக்கலாமா என்று யோசித்தேன். எதை வைத்தாலும் அது என்னைத் தவிர மற்றெல்லாருக்கும் பொருந்தியது. ஆகவே இடம் காலியாக விடப்படுகிறது.]

7

வியாழக்கிழமை, தெப்பக்குளத்துக்கு அருகிலுள்ள வங்கிக் கிளை, மாலை மூன்று நாற்பது. கிளமென்ட் சலவைச் சட்டை அணிந்திருந்தார். நகத்தின் ஓரத்தில் மட்டும் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. படிவத்தில் முதலில் பிணையாளர் பகுதியை நிரப்பவேண்டும்; அதன் கீழே இணைக் கடனாளியாகத் தந்தை கையெழுத்திடவேண்டும்; பிறகு கவுண்டரில் கொடுக்கவேண்டும். நான் பெயர், முகவரி, ஓய்வூதிய எண் எல்லாம் எழுதி, சரிபார்க்க நீட்டினேன். அலுவலர் ஓர் இளம்பெண். தாளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஐயா, இது காலியா இருக்கே. விண்ணப்பதாரருக்கு நீங்க என்ன உறவு? அத போடலன்னா சிஸ்டம் ஏத்துக்காது. நாலு மணிக்கு க்ளோஸ் ஆயிடும்."

தந்தை, தாய், கணவர், உறவினர், நண்பர், பிற (குறிப்பிடுக) என்று அச்சிட்டிருந்தது.

"குருன்னு போடுங்க சார்," என்றார் கிளமென்ட்.

"நான் இவளுக்குப் பாடமே எடுத்ததில்லையே."

"எனக்கு எடுத்தீங்கள்ல? அது இவளுக்கும் சேத்துதான்."

"தெரிஞ்சவர்னு போட்டுடுங்க சார். போதும்," என்றாள் ஆன்சி விரைவாக, என்னைப் பார்க்காமல்.

"ஏதாவது ஒண்ணு போடுங்க ஐயா. யாரும் படிக்கிறதில்ல," என்றார் அலுவலர்.

என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த கருத்துகளுள் இதுவே நேர்மையானது. 'பிற' என்பதில் குறியிட்டேன். இரண்டு விரல் நீளமுள்ள அந்த இடத்தில், எழுத்தைச் சிறிதாக்கி, இரண்டு வரியாக எழுதினேன்: 'இவர் எழுதிய கட்டுரையை மாற்றி எழுதி, உதவித்தொகை கிடைக்காமற் செய்தவர்.' கீழே கையெழுத்திட்டேன். தாளைக் கிளமென்ட்டிடம் கொடுத்தேன்.

ஆன்சி கை நீட்டினாள். தாள் அதற்குள் அவளைக் கடந்துவிட்டது.

ஆலைகள் அனுப்பும் வரைபடத்தில் மயிரிழை அளவையும் விடாமல் படித்துப் பழகியவர் அவர். எல்லாவற்றையும் படித்தார். என் ஓய்வூதிய எண்ணையும் படித்தார். அந்த இரண்டு வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார்.

"எப்ப சார் இது?"

"பிப்ரவரியில."

"உனக்குத் தெரியுமா?" மகளைக் கேட்டார்.

"அப்பா, மணி ஆவுது. மொதல்ல கையெழுத்து போடுங்க."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்ப்பா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று முந்தின நாளிலிருந்தே நான் சொற்களைக்கூட ஊகித்து வைத்திருந்தேன். அலுவலரைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, பிணைக்கு வேற ஆளு மாத்திக் குடுக்கலாமா?"

"இன்னிக்குத்தான் கடைசி சார். புது ஆளுன்னா முதல்லேருந்து பண்ணணும்."

ஆன்சி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு லட்சமும், பத்தாண்டுத் தவணையும், அரியமங்கலத்தின் பதினான்கு ஆண்டு மாறாத விலையும், அந்த முகத்தில் ஒரு தசை எப்பக்கம் அசையும் என்பதில் நின்றன.

அடுத்து நடந்தது எனக்குத் தெரியும்; நான் அங்கேதான் இருந்தேன். நேற்றுக் கைப்பிரதியைப் படித்த பீமராவ், "முடிவு எங்கே?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தின் எழுத்தொன்றை ஏற்கெனவே நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன்; அதன் விலை அந்தக் கடன் படிவத்தின் முதல் பக்கத்தில், எண்ணாலும் எழுத்தாலும், இருக்கிறது. இன்னொன்றை முடித்துத் தர எனக்கு உரிமையில்லை. இம்மலரின் வாசகர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் பலர், கோபக்காரர்களும் பலர், இரண்டும் ஆனவர்கள் சிலராவது இருப்பீர்கள்.

அலுவலர் பேனாவை நீட்டினார். கிளமென்ட் வாங்கிக்கொண்டார். தாள் அவர் முழங்கால்மேல் இருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே அவருடைய இடம் காலியாக இருந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. அவருடைய நாற்காலியில் நீங்கள் அமர்ந்திருந்தால்—